‘சர்வர் டவுன்’ என்பது பதில் அல்ல

பல்கலைக்கழக நூலகத்தின் மின்வளப் பிரிவு. கண்ணாடிக் கதவில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. ‘சர்வர் டவுன். நாளை வரவும்.’ ஒட்டிய டேப் மஞ்சள் பூத்துவிட்டது. தாளின் ஓரம் சுருண்டுவிட்டது. தேதி இல்லை. கையெழுத்து இல்லை. அந்த ‘நாளை’ என்றைக்கு என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் நாம் நேரில் பார்த்தது இது. பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் மற்றவர்கள் ‘நல்லவேளை, நாமில்லை’ என்று மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதி யாருக்கும் கிடைக்கக் கூடாது.

பணம் இல்லை என்று யாரும் வாய் திறக்க வேண்டாம். ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்கள். ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஒன்றிய, மாநில அரசுகளின் கீழுள்ள 6,300க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்கள். அவற்றில் உள்ள 1.8 கோடி பேர். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய்க்கு மேல் வருகிறது. படித்தாலும் அந்தக் காசு போகிறது. படிக்காவிட்டாலும் போகிறது.

பல்கலைக்கழகத்தின் பங்கு என்ன? ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்துப் பதிவு செய்ய வேண்டும். வளாகத்தின் இணைய முகவரிகளைக் கொடுக்க வேண்டும். விடுதியிலும் வீட்டிலும் இருந்து படிப்பவர்களுக்குத் தனிக் கணக்கு தொடங்கித் தர வேண்டும். அதற்கான வழியைக் காந்திநகரில் உள்ள நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிளிப்நெட் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. மாணவர்கள், ஆய்வாளர்கள், ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலை ஏற்றுவதுதான் பாக்கி. எக்செல் தெரிந்த ஒருவர் ஒரு வாரத்தில் முடிக்கிற வேலை. இந்தப் பல்கலைக்கழகத்தில் அதைச் செய்ய ஆள் கிடைக்கவில்லை.

விளைவை இரவு ஒன்பது மணிக்கு மகளிர் விடுதி மொட்டை மாடியில் பார்க்கலாம். அறையில் சிக்னல் வராது. விடுதியின் வைஃபை சுவரில் பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, தன் கைபேசி டேட்டாவில், ஓர் ஆய்வு மாணவி ஒரு கட்டுரையைத் திறக்கிறார். பதிப்பகத்தின் தளம் முப்பது, நாற்பது டாலர் கேட்கிறது. அவர் தளத்தை மூடிவிட்டு, ஒன்றிய அரசுக் கல்வி நிறுவனம் ஒன்றில் படிக்கும் சீனியருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்: ‘அக்கா, இந்தப் பேப்பர் மட்டும் டவுன்லோட் பண்ணித் தர முடியுமா?’

அரசு காசு கொடுத்து வாங்கிவிட்ட கட்டுரை அது. அந்த மாணவியின் பெயரிலும் சேர்த்து வாங்கிய கட்டுரை. அதைப் படிக்க அவர் இன்னொருவரிடம் கையேந்துகிறார். கையேந்த வைத்தது யார்?

கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இதைவிடக் கேவலம். வகுப்பெடுப்பதும் அவர்கள்தான், விடைத்தாள் திருத்துவதும் அவர்கள்தான். பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய மின்னஞ்சல் முகவரி மட்டும் அவர்களுக்குக் கிடையாது. ‘நீங்கள் நிரந்தரம் இல்லையே’ என்கிறார்கள். முகவரி இல்லாவிட்டால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் இதழ் இல்லை. பாடம் நடத்தும் கடமை மட்டும் நிரந்தரமாக இருக்கிறது.

மடிக்கணினிக்கும் குறைவில்லை. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு அறிவித்தது. கருவிக்குக் காசு உண்டு. இதழுக்குக் காசு உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள சின்னஞ்சிறு வேலைக்கு மட்டும் ஆள் இல்லை.

மாணவரின் கட்டண ரசீதை எடுத்துப் பார்த்தோம். ‘நூலகம்’ என்று ஒரு வரி. ‘கணினி, இணையம்’ என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் நேரே தொகை இருக்கிறது. கட்டணம் கட்டும் தளம் கடைசி நாளன்று திணறும். மறுநாள் அபராதம் மட்டும் திணறாமல் வந்து சேரும்.

உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் எல்லாம் உயிர் பெறும். அவர்களுடைய மதிப்பீட்டில் நூலகத்துக்கென்று தனிப் பகுதி உண்டு, அதனால்தான். கணினித் திரைகளின் மேல் கிடக்கும் பிளாஸ்டிக் உறைகள் அன்றைக்குக் கழற்றப்படும். நுழைவாயிலில் விரல்ரேகைக் கருவி வரும். பூந்தொட்டி வரும். குழு ஊருக்குக் கிளம்பிய மறுநாள் உறை மறுபடியும் ஏறும். யுபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதமாகிறது. மின்சாரம் போனால் சர்வரும் போகிறது. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கும் கோப்பு நிதிப் பிரிவில் கிடக்கிறது. எந்த மேசையில் என்று கேட்டோம். அதுவும் தெரியாதாம்.

அடுத்து, நூல் தேடும் கணினி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம். தமிழ்த்துறை உள்ள பல்கலைக்கழகம். தேடல் பெட்டியில் ‘சிலப்பதிகாரம்’ என்று தமிழில் தட்டினோம். முடிவு: பூஜ்யம்.

நூல் இல்லாமல் இல்லை. பின்னால் அடுக்கில் வரிசையாக நிற்கிறது. பட்டியலில் அது ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கிறது. அதுவும் ஒரே மாதிரி ஏறவில்லை. ஒரு பதிவில் முதலெழுத்து ‘எஸ்’. இன்னொன்றில் ‘சிஎச்’. அயல்நாட்டு நூலக முறையைப் பின்பற்றிய பழைய பதிவில் வெறும் ‘சி’. நடுவே வரும் ‘தி’க்கு ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு போட்டிருக்கிறார்கள். தொல்காப்பியத்துக்கும் இதே கதி. புதுமைப்பித்தன் எத்தனை வடிவத்தில் இருக்கிறார் என்று எண்ணத் தொடங்கினோம். ஐந்தில் நிறுத்திக்கொண்டோம். வேறு சில பதிவுகள் பழைய எழுத்துருவில் தட்டியவை. திரையில் அவை தமிழாகவே வரவில்லை. பொருளற்ற குறிகளாக வந்தன.

இதற்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010இல், ஒருங்குறியைத் தரமாக ஏற்று மாநில அரசே ஆணை பிறப்பித்தது. கோஹா போன்ற நூலக மென்பொருள் இலவசம். அதில் தமிழில் பதியலாம், தமிழில் தேடலாம். செய்யவில்லை. பட்டியலைத் திருத்தும் வேலை ஒரு நாளைக்கு இத்தனை பதிவு என்று பிரித்துக் கொடுத்தால் முடிகிற வேலை. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஆண்டுதோறும் தாய்மொழி நாளுக்கு மட்டும் வாசலில் கோலம் போடுகிறார்கள்.

ஆய்வேடுகளும் இதே குப்பையில்தான் விழுந்திருக்கின்றன. ஆய்வேட்டை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இலேயே விதி செய்தது. அவை சோத்கங்கா தளத்தில் சேர்கின்றன. தமிழ் ஆய்வேடுகள் பல எப்படிச் சேர்கின்றன? பழைய எழுத்துருவில், அல்லது வெறும் படமாக. அவற்றுக்குள் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. நான்கைந்து ஆண்டு உழைப்பு. கோப்பு இணையத்தில் இருக்கிறது, கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. ஏற்றுவதற்கு முன் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை.

பார்வைத்திறன் குறைந்த மாணவருக்கு இந்தப் படக் கோப்புகள் சுவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடம் என்கிறது அந்தச் சட்டம். அச்சு நூல்களைப் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் மாற்றித் தருவதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளுக்குக் காசே கிடையாது. நூலகத்தில் உள்ள ஒரு கணினியிலாவது அது இருக்கிறதா என்று தேடினோம். ஒன்றிலும் இல்லை. இடம் கொடுத்தார்கள், படிக்கக் கொடுக்கவில்லை.

மாணவரிடம் நிர்வாகம் எதிர்பார்க்கும் ஒழுங்கு வேறு. படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அது தெரியும். ‘நோ டியூஸ்’ படிவம் என்று ஒன்று உண்டு. துறை, விடுதி, நூலகம், கணினி மையம், விளையாட்டுப் பிரிவு என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். நூலகத்தில் நுழைந்தே இராத மாணவரும் நூலகத்தின் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுபவர் விடுப்பில் இருந்தால் நாளை வர வேண்டும். ஒரு புத்தகம் மூன்று நாள் தாமதமானால் அபராதம். அதற்கு ரசீது உண்டு, தேதி உண்டு, முத்திரை உண்டு.

மாணவர் தாமதத்துக்குத் தேதி இருக்கிறது. நிர்வாகத்தின் தாமதத்துக்குத் தேதி இல்லை. மாணவர் ஐந்து இடத்தில் கையெழுத்து வாங்குகிறார். கண்ணாடிக் கதவில் இருக்கும் தாளில் ஒரு கையெழுத்து இல்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். முதலில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கல்லூரிக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டன் சென்று பயின்று திரும்பியவர் அப்புறம் பல ஆண்டுகள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் சென்னையிலிருந்துதான் வெளியிட்டார். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். நான்காவது விதி வாசகரின் நேரத்தைப் பற்றியது. அதை வீணாக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்த மண்ணில், நூற்றாண்டு கழித்து, ‘நாளை வரவும்’. ரங்கநாதன் படம் நூலக வரவேற்பறையில் தொங்குகிறது. சட்டகத்துக்குச் சந்தன மாலை. நூலகர் நாற்காலியில் நிரந்தரமாக யாரும் இல்லை. ‘பொறுப்பு’ நூலகர் இருக்கிறார். அவர் இன்னொரு துறையின் பேராசிரியர். அங்கே அவருக்கு வகுப்பு, ஆய்வு மாணவர்கள், தேர்வுப் பணி. நூலகத்துக்கு வருவது கோப்பில் கையெழுத்திட. கீழே தினக்கூலிப் பணியாளர்கள்தாம் கதவைத் திறக்கிறார்கள், நூலை அடுக்குகிறார்கள், மாணவரின் வசவையும் வாங்குகிறார்கள். நம் கண்டனம் அவர்கள் மீது அல்ல. அவர்கள் இல்லாவிட்டால் கதவும் திறக்காது.

ஒரு பக்கம் சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். இன்னொரு பக்கம் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் காலையிலேயே பை தூக்கிக்கொண்டு வந்து நிற்பவர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் இருக்கிறார்கள். பொது நூலகத்துக்கு அது பெருமை. பல்கலைக்கழகத்துக்கு? மாலை ஐந்தரைக்குப் பூட்டிவிடும் நூலகத்தை வைத்துக்கொண்டு ஆய்வுப் பல்கலைக்கழகம் என்று பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். இது வெறும் சோம்பல் இல்லை, ஆபத்து. மாணவர் தளத்தின் பயனர் பெயர் பதிவு எண். கடவுச்சொல் பிறந்த தேதி. பதிவு எண் தேர்வு அறை வாசலில் ஒட்டியிருக்கிறது. பிறந்த தேதி வகுப்புக்கே தெரியும். உள்ளே ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண். பூட்டுக்கு மேலேயே சாவியைத் தொங்கவிட்ட வீடு இது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. இணைய ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. சர்வர் விழுந்தது பழுதாலா, ஊடுருவலாலா என்றே இங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரியாதவர் ஆறு மணி நேரத்தில் யாருக்கு என்ன தெரிவிப்பார்?

2023 அக்டோபரில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று முடக்கியது. நூல் பட்டியலே பல வாரம் இணையத்தில் இல்லை. நூலகம் என்ன செய்தது? 2024 மார்ச்சில் நடந்ததை எல்லாம் எழுதி ஓர் அறிக்கை வெளியிட்டது. எந்த வழியாகப் புகுந்திருப்பார்கள், எந்தப் பழைய கணினி அமைப்புகள் மீட்பைத் தாமதப்படுத்தின, எந்தப் பாதுகாப்பைச் செய்யாமல் விட்டோம் என்று தன் குறையைத் தானே பட்டியலிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இங்கே நமக்குக் கிடைத்த அறிக்கை இரண்டு வாக்கியம். அதில் ஒன்று ‘நாளை வரவும்’.

துணைவேந்தர் இல்லை என்பார்கள். பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததும், ஒருங்கிணைப்புக் குழுக்களே நிர்வாகத்தை நடத்தியதும் ஊருக்குத் தெரிந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆளுநர் கிடப்பில் வைத்த மசோதாக்கள் குறித்துத் தீர்ப்பளித்தது. மே மாதம் துணைவேந்தர் நியமன அதிகாரம் குறித்த திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆளுநரும் அரசும் வழக்கை நடத்தட்டும். ஒரு மாணவிக்குக் கணக்கு தொடங்கித் தர வேந்தரின் ஒப்புதல் வேண்டியதில்லை. பேட்டரி மாற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை. தேடல் பெட்டியில் தமிழ் வர எந்த மசோதாவும் நிறைவேற வேண்டியதில்லை.

பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்பதில் மயக்கம் எதுவும் இல்லை. பதிவாளர் பதில் சொல்ல வேண்டும். கோப்பு அவர் அலுவலகத்தைத் தாண்டித்தான் போகிறது. நிதி அலுவலர் பதில் சொல்ல வேண்டும். பராமரிப்புப் பணம் அவர் பிரிவில் நிற்கிறது. கணினி மையத்தின் இயக்குநர் பதில் சொல்ல வேண்டும்; பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்தது அவர் துறை. பொறுப்பு நூலகர் பதில் சொல்ல வேண்டும்; பொறுப்பு என்ற சொல் அவர் பதவியிலேயே இருக்கிறது. ஆட்சிக்குழு உறுப்பினர்கள் பதில் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் படி வாங்குகிறார்கள், ஒரு கூட்டத்திலாவது நூலகம் பொருளாக வந்ததா? உயர்கல்வித் துறைச் செயலர் பதில் சொல்ல வேண்டும். நூலகர் பணியிடம் ஏன் காலி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாம் கேட்கிறோம்.

முப்பது நாளுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும், கௌரவ விரிவுரையாளர் உட்பட, கணக்கு தர வேண்டும். எத்தனை பேருக்குத் தரப்பட்டது என்று எண்ணிக்கையை வெளியிட வேண்டும். கடவுச்சொல்லாக உள்ள பிறந்த தேதிகளை இந்த வாரமே மாற்ற வேண்டும். அதற்கு முப்பது நாள் தர முடியாது. நிரந்தர நூலகரை நியமிக்க விளம்பரம் வர வேண்டும். தமிழ் நூல்களைத் தமிழில் பதியும் பணி தொடங்க வேண்டும். வாரந்தோறும் எத்தனை பதிவு திருத்தப்பட்டது என்று நூலக வாசலில் எழுதிப் போட வேண்டும். பார்வையற்ற மாணவர் தாமே படிக்கும் வகையில் சில கணினிகளாவது நாளையே தயாராக வேண்டும். மென்பொருள் இலவசம் என்பதால் ஒப்பந்தப்புள்ளி என்ற சாக்கும் இல்லை. சேவை நின்றால், ஏன் நின்றது, எப்போது வரும், யாரைக் கேட்பது என்ற மூன்றையும் சொல்லும் அறிவிப்பு வர வேண்டும். அதன் கீழ் ஓர் அதிகாரியின் பெயர் இருக்க வேண்டும்.

வரும் ஆகஸ்ட் 12 நூலகர் நாள். ரங்கநாதன் படத்துக்குப் புது மாலை வரும். குத்துவிளக்கு வரும். பேச்சாளர் ஐந்து விதிகளையும் ஒப்பிப்பார். அழைப்பு வராவிட்டாலும் நாம் போவோம். மேடைக்கு அல்ல. நேரே மின்வளப் பிரிவுக்குப் போய், அந்தக் கண்ணாடிக் கதவில் தாள் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்போம்.